தொண்ணூற்றோராயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

முத்தியால்பேட்டையில் யார் பழைய வண்டி வாங்கினாலும் சூசைநாதன் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்குவார்கள். அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை செய்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். வண்டி பார்த்துக் கொடுப்பதற்குக் கூலி வாங்க மாட்டார். விற்பவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பார்த்து முடித்ததும் "எடுத்துக்கோ" என்பார், இல்லையென்றால் "வேணாம்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. அந்த ஒரு சொல் இதுவரை பொய்த்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமை பாவம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம், அது மற்றவர்களுக்குச் சொல்வது என்று நினைத்துக்கொள்வார்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எதிர்வீட்டு வெற்றிச்செல்வன் கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தெருவுக்குக் குடிவந்தவன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. லடாக்குக்கு மோட்டார் சைக்கிளில் போய் வராவிட்டால் பிறந்ததே வீண் என்று நம்புகிறவன்.

"பெரிப்பா, இத பாருங்க. நானூறு சிசி டூரிங் வண்டி. ஒரே ஓனர். தொண்ணூத்தோராயிரம் ஓடியிருக்கு. எங்கப்பா வேணவே வேணாங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா வாய மூடிப்பாரு."

படத்தில் வெளிர்பச்சை இரும்புக் கேட்டுக்கு முன்னால் உயரமான வண்டி ஒன்று நின்றது. கீழே விற்பவர் பெயர்: தமிழ்மாறன், அரியாங்குப்பம்.

சூசைநாதன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். பெயர் மாறவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் ஜூலிக்குக் காரைக்கால் பக்கம் மாப்பிள்ளை பேசி, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. இன்னார் மகன் இன்னார் மகளை மணக்க இருக்கிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் ஊரறிய அறிவிப்பதுதான் ஓலை. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டாவது ஞாயிறு வருவதற்குள் ஜூலி, தான் விரும்பிய தமிழ்மாறனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அடுத்த ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்ல சூசைநாதனே போனார். பிறகு காரைக்காலுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டார் எதிரில் உட்காராமல் நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவர் வம்சத்தில் கொடுத்த வாக்குத் தவறியது அதுதான் முதல் தடவை.

அந்த மாதமே தமிழ்மாறன் தனியாக வந்து வாசலில் நின்றான். சூசைநாதன் அவனை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டு அவனாகப் போனான். ஜூலி வரவில்லை. கோயில் நடுவில் தகப்பன் தலையைக் குனிய வைத்தவள் தகப்பன் வாசலுக்கு முதலில் வரவேண்டும். அவர் போய் நிற்க மாட்டார். இதில் அவருக்கு இன்றுவரை இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறது. மனைவி ஆரோக்கியம், ஜூலி பத்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு தகப்பனும் மகளுமாக இருந்த வீடு அது. ஏழு வருஷமாக அங்கே ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. மகளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். தான் தேடிப் போனதாக ஆகிவிடக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க வழியே இல்லை என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கிளம்பு" என்றார் வெற்றிச்செல்வனிடம். வண்டி பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான் என்று தனக்கும் ஒரு முறை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அரியாங்குப்பத்துச் சந்தொன்றில் பச்சைக் கேட்டைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்மாறன் வெளியே வந்தான். காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. சூசைநாதனைப் பார்த்ததும் அவன் கை கேட்டிலேயே ஒரு கணம் நின்றுவிட்டது.

"வாங்க சார்" என்றான்.

மாமா என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பார். சார் என்றதில் நிம்மதிதான். ஆனாலும் அந்தச் சொல் உள்ளே எங்கேயோ முள்ளாகக் குத்தியது. அவர் பார்வை அவனைத் தாண்டி வாசற்படிக்குப் போனது. ஆண் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. அவள் வீட்டில் இல்லை.

"பெரிப்பா, வண்டிய பாருங்க" என்று வெற்றிச்செல்வன் அவசரப்படுத்தினான்.

சூசைநாதன் குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. பழைய வண்டி விற்பவர்களில் பாதிப் பேர் செய்கிற வேலை இது. ஆள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டால், காலையில் முதல் தடவை கிளப்பும்போது வரும் தட்டலும் புகையும் தெரியாமல் போய்விடும். இப்படிச் சூட்டோடு நிற்கிற வண்டியைக் கண்டால் அவர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார்.

"சூடா கீதே" என்றான் வெற்றிச்செல்வன் சந்தேகத்தோடு. "நாங்க வரோம்னு தெரிஞ்சு ஓட்டி வச்சீங்களா?"

"இல்லீங்க. வீட்ல கோரிமேடு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்காங்க. டூட்டிக்கு விட்டுட்டு இப்பத்தான் வந்தேன்."

சூசைநாதன் கையை எடுக்கவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால் அவள் இந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை சுட்டபோதுதான் எடுத்தார்.

அவர் வண்டி பார்க்கிற முறையே வேறு. எல்லோரும் முன்னாலிருந்து பார்ப்பார்கள். அவர் பின் இருக்கையிலிருந்து ஆரம்பிப்பார். மீட்டரைத் திருப்பி வைக்க நினைக்கிறவன் ஓட்டுகிறவனின் கைப்பிடி ரப்பரை மாற்றுவான், பிரேக் மிதியை மாற்றுவான், கால் வைக்கும் கட்டையை மாற்றுவான். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தை மாற்ற அவனுக்குத் தோன்றாது. தேய்மானம் அங்கேதான் உண்மை பேசும்.

இடது பக்கக் கால்கட்டையின் ரப்பர் முன் விளிம்பில் வழவழவென்று தேய்ந்திருந்தது. வலது பக்கம் பாதிகூடத் தேயவில்லை. அவர் அதை விரலால் தடவினார். ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற காலத்திலேயே, திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் ஜூலி இடது காலைத்தான் அழுத்துவாள். பின்னால் பிரேக் இருக்கிறதா உனக்கு என்று கேட்டு அவர் கேலி செய்வார். மலைப் பாதையெல்லாம் இப்படி அழுத்திக்கொண்டே போயிருக்கிறாள்.

இருக்கையை அழுத்திப் பார்த்தார். ஓட்டுகிறவன் பக்கம் பழைய நுரை, அமுங்கிக் கல்லாகியிருந்தது. பின்பக்கம் மட்டும் புது நுரை வைத்து, ஓரம் உறுத்தாமல் தைத்திருந்தார்கள்.

"பின்னால மட்டும் மாத்தியிருக்கே?"

"அவங்களுக்கு இடுப்பு வலி வந்துச்சு சார். நின்னுகிட்டே செய்யற வேலை. முன்னால எனக்கு அதுவே போதும்னு விட்டுட்டேன்."

சூசைநாதன் கொண்டுவந்திருந்த துணியைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துச் சட்டத்தைப் பார்த்தார். பெட்டி கட்டி நெடுந்தூரம் ஓடிய வண்டிகளில் பின்சட்டம் கேரியர் சேரும் இடத்தில் விரியும். விரிந்ததைப் பற்றவைத்துச் சாயம் பூசி மறைப்பார்கள். இங்கே விரிசலும் இல்லை, புதுச் சாயமும் இல்லை. எழுந்து, வெற்றிச்செல்வனைப் பின்னால் அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நடுவில் எங்கேயும் பிடிக்கவில்லை. சங்கிலிப் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளையவில்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போயின.

இதற்குள் தமிழ்மாறன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தான்.

"குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். சொல்லியிருக்காங்க. முகம் கழுவிக்கத்தான்" என்றான் மெதுவாக, வெற்றிச்செல்வன் காதில் விழாதபடி.

சூசைநாதன் கை கழுவிக்கொண்டார். பிறகு, எல்லா விற்பனையாளர்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எதுக்காக விக்கறீங்க?"

தமிழ்மாறன் அவரை நேராகப் பார்த்தான். "ஜெர்மனில அவங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைச்சிருக்கு சார். ரெண்டு வருஷமா அந்த பாஷை படிச்சாங்க. பத்தொம்பதாம் தேதி ஃப்ளைட்டு. ரெண்டு பேரும் போறோம்."

"அய்யோ, செம!" என்றான் வெற்றிச்செல்வன். "திரும்பி எப்ப வருவீங்க?"

"தெரியலைங்க. அஞ்சு வருஷமாவது ஆவும்."

இன்னும் பதினைந்து நாள். அரியாங்குப்பத்தில் இருக்கிறாள் என்பதே இத்தனை வருஷம் ஒரு பிடிமானமாக இருந்தது. கோபித்துக்கொண்டிருக்கவும் ஒரு தூரம் வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பது அதற்குச் சரியான தூரம்தான் என்று இப்போது தோன்றியது. கேட்டுக்கு அப்பால் மீன்காரியின் குரல் போய்க்கொண்டிருந்தது. சூசைநாதன் கேரியர் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சர்வீஸ் கணக்கு ஏதாவது இருக்கா?" என்று வெற்றிச்செல்வன் கேட்டான்.

தமிழ்மாறன் உள்ளே போய்ப் பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்தான். சூசைநாதன் பிரித்தார். பிரித்ததுமே கையெழுத்து தெரிந்தது. தேதி, கிலோமீட்டர், போன இடம், குறை, செய்தது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். பணிமனையில் பேருந்துக்கு அவர் வைத்திருந்த அதே கட்டங்கள். வீட்டு ஸ்கூட்டருக்கும் அப்படியொரு நோட்டு வைத்து, தன் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால் மகளைத்தான் எழுதச் சொல்வார்.

"பெரிப்பா, நீங்க எங்கப்பா ஸ்கூட்டருக்கு போட்டு குடுத்த மாதிரியே இருக்கு!" என்றான் வெற்றிச்செல்வன், ஒன்றும் அறியாமல்.

சூசைநாதன் பக்கங்களைப் புரட்டினார். தனுஷ்கோடி. கொல்லிமலை, பின் பிரேக் கட்டை மாற்றியது. கோகர்ணம், மழை, சங்கிலிக்கு எண்ணெய். வேளாங்கண்ணி, குறை ஒன்றுமில்லை. அவள் பார்த்த ஊரெல்லாம் வரிசையாகப் போயின. அவர் கூட இல்லாத ஏழு வருஷம், கிலோமீட்டர் கணக்கோடு. நடுநடுவே ஒரே மாதிரி ஒரு வரி வந்தது. ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியும், ஒன்பது கிலோமீட்டர். போன இடம்: உப்பளம், அம்மா. குறை என்ற கட்டம் காலி. செய்தது என்ற கட்டத்தில்: சுண்ணாம்பு.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டைக் கிட்டக் கொண்டுபோய் அந்த வரியை மறுபடி படித்தார்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்றைய பூசைக்கு முன்பே கல்லறையைக் கூட்டி, வெள்ளையடித்து, பூ வைத்துவிட வேண்டும். ஜூலி வீட்டை விட்டுப் போன வருஷம், அன்று விடிகாலையில் அவர் சுண்ணாம்பு வாளியோடு உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது ஆரோக்கியத்தின் கல்லறை ஏற்கெனவே வெள்ளைவெளேரென்று இருந்தது. மனைவியின் தங்கை பிரிஸ்கில்லா செய்த வேலை என்று நினைத்தார். வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷமும் கல்லறை வெள்ளையாக இருந்தது, அடுத்த புடவை. பிரிஸ்கில்லாவும் எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. போன வருஷம் மட்டும், மாம்பழ நிறத்தில் எடுத்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லியனுப்பினாள்.

"என்ன பெரிப்பா, எடுத்துக்கலாமா?" வெற்றிச்செல்வன் கையைப் பிசைந்தான்.

எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டிய வண்டிதான். இப்படிப் பேணப்பட்ட வண்டியை அவர் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் இந்தக் கேட்டுக்குள் அவருக்கு இனி வேலை இல்லை. குறை இருக்கிறது என்று சொன்னால் பொய். அவர் நோட்டை மூடினார்.

"எஞ்சின் சூடா இருக்கு" என்றார். "சூட்டுல எல்லா எஞ்சினும் நல்லாத்தான் பாடும். ராத்திரி முழுக்க ஆறினத காலையில கிளப்பிக் கேக்காம நான் சொல்ல மாட்டேன்."

"அதான் சார் சரி" என்றான் தமிழ்மாறன் உடனே. "நாளைக்கும் அவங்களுக்கு காலை டூட்டிதான். ஆறரைக்குக் கிளம்பிடுவோம். ஆறு மணிக்கு வந்தீங்கன்னா எஞ்சின் சில்லுனு இருக்கும். ரெண்டு பேரும் இருப்போம்."

"ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கா?" வெற்றிச்செல்வன் முகம் தொங்கிவிட்டது. "பெரிப்பா, நீங்களே போய் பாத்துட்டு போன் பண்ணுங்களேன்."

மறுநாள் சூசைநாதன் முதல் பூசைக்குப் போகவில்லை. சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொள்ளலாம் என்று தேவமாதா படத்தின் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வெள்ளை முழுக்கால் சட்டையும் இஸ்திரி போட்ட சட்டையும் அணிந்து, ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பச்சைக் கேட்டின் முன் ஆட்டோவை விட்டு இறங்கினார்.

ஜூலி வண்டியருகே நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் உடுப்பு, தோளில் பை. இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்; அது அவருக்குப் புதிது. பார்த்துக்கொண்டே நின்றார். அவளும் அப்படியே நின்றாள். தமிழ்மாறன் படியில் உட்கார்ந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எஞ்சின கிளப்பலப்பா" என்றாள் ஜூலி. "நேத்து சாயங்காலத்துலேந்து தொடவே இல்ல."

"ம்" என்றார்.

எஞ்சின் மேல் கை வைத்தார். பனியில் கிடந்த கல்லாகக் குளிர்ந்திருந்தது. அவள் சாவியைப் போட்டுக் கிளப்பினாள். ஒரே தொடுதலில் பிடித்துக்கொண்டது. அவர் நீளத் திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். முதலில் லேசான ஒரு தட்டல். எண்ணெய் மேலே ஏறியதும் அது அடங்கியது. புகை இல்லை. மூன்று நிமிஷம் போதும். அவர் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் பேச வேண்டியிருக்கும்.

"ஓட்டிப் பாக்கணும்" என்றார், நிமிராமலே. "ரெண்டு பேர் ஏறிப் போற வண்டி. பின்னால ஆள் இல்லாம ஓட்டினா பாதிதான் தெரியும்."

"ஜூலிக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்றான் தமிழ்மாறன், ஷூவைப் பார்த்தபடி. "அப்படியே கோரிமேட்டுல விட்டுட்டீங்கன்னா எனக்கும் ஒரு நடை மிச்சம்."

அவர் அவனை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். "நீங்க வீட்ல இருங்க. வண்டிய கொண்டாந்து விடறேன்" என்றார்.

பாலத்தில் காற்று வந்தது. மரப்பாலம் சந்திப்பைத் தாண்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நூறடி ரோட்டில் கூட்டமில்லை. அவர் நாற்பதுக்குமேல் போகவில்லை.

"வலது பக்கம் பள்ளம்ப்பா."

"தெரியுது. எனக்கு கண்ணு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் கண்ணாடி வந்துடுச்சு."

சிறிது தூரம் போனதும், முகத்தைத் திருப்பாமல் கேட்டார்: "சுண்ணாம்பு யாரு கலக்கறது?"

ஜூலி சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவருதான்ப்பா. நான் கலக்கினா கட்டி கட்டியா நிக்கும். மொத நாள் ராத்திரியே ஊற வச்சுடுவாரு."

"ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம் இல்ல? நான் உங்க சித்தின்னு நெனச்சு, வருஷா வருஷம் அவளுக்குப் புடவை எடுத்துக் குடுத்துகிட்டு இருக்கேன்."

"புடவையா? எதுக்குன்னு சித்தி கேக்கவே இல்லயா?"

"கலர் மட்டும் சொல்லியனுப்பினா."

ஜூலி சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் தலை அவர் முதுகில் சாய்ந்தபடியே இருந்தது. அது சிரிப்பா அழுகையா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. பச்சை விழுந்த பிறகும் அவர் கிளம்பாததால் பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"நான்தான்ப்பா மொதல்ல வந்திருக்கணும்" என்றாள். "தெரு முனை வரைக்கும் நாலு தடவ வந்துட்டு திரும்பிட்டேன். நீங்க கதவ தெறந்து, உக்காரச் சொல்லாம நின்னுட்டீங்கன்னா, அதுக்கப்புறம் எனக்கு வேற எங்கயும் போக எடமில்லன்னு தோணும்."

அவர் கியரை மாற்றினார். "ஓலை வாசிச்சதுக்கு அப்புறம் செஞ்சது தப்பு" என்றார். "அது தப்புதான். அதுல மாத்தமில்ல."

"தப்புதான்ப்பா."

"சரி."

கோரிமேட்டில் வெளியூர்ப் பேருந்துகளிலிருந்து நோயாளிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கினாள். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வர்ற நவம்பருக்கு நாங்க இருக்க மாட்டோம்ப்பா."

"நான் அடிச்சுக்கறேன். முன்னால எல்லாம் நான்தான அடிச்சேன்."

"ம். வண்டி எப்படிப்பா இருக்கு?"

"ஒரு நாள் ஓட்டத்துல சொல்ல முடியாது. இவ்வளவு ஓடின வண்டி. பிரேக்கு இருக்கு, சஸ்பென்ஷன் இருக்கு, ஒண்ணொண்ணா பாக்கணும்."

ஜூலி கண்ணாடியைக் கழற்றி, உடுப்பு நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டாள். "பதினேழாம் தேதி வரைக்கும் எனக்கு காலை டூட்டிதான்ப்பா" என்றாள். "ஆறரைக்கு ரெடியா இருப்பேன்." சொல்லிவிட்டு நோயாளிகளுக்கு நடுவே உள்ளே போனாள்.

அவள் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. வெற்றிச்செல்வன். தூக்கக் குரல்.

"பெரிப்பா, பாத்துட்டீங்களா? எடுத்துக்கலாமா? என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார் சூசைநாதன்.

"அப்ப அட்வான்ஸ் குடுத்துடட்டா?"

"கொடு. ஆனா வண்டிய பதினெட்டாம் தேதிதான் எடுக்கணும். அதுவரைக்கும் நான் பாத்துகிட்டு இருக்கேன்."